நாற்பது மீட்டர் கயிறு

ஜனவரி 9, வியாழன்

படகு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தபோது மழையில் சரிந்த கூடாரம் போலக் கிடந்தது. ஆரோனும் ரஃபீக்கும் மாறி மாறிக் கால் பம்பை மிதிக்க, முக்கால் மணி நேரத்தில் பதினான்கு அடி நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றது. இருபுறமும் பருத்த ரப்பர் குழாய்கள், நடுவே அலுமினியத் தளம், பின்னால் மோட்டாரைப் பொருத்த ஒரு பலகை. இனி வாடகை வள்ளத்துக்குக் காத்திருக்காமல் தீவுகளுக்குப் போய்ப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கலாம்.

புன்னைவலசைக் கள நிலையத்தில் நாங்கள் நாலே பேர். ஆரோனும் ரஃபீக்கும் மூழ்கிப் பார்ப்பவர்கள். நான் படகில் உட்கார்ந்து எழுதுகிறவள். படகை ஓட்டுவது ஞானசவுந்தரி அக்கா. இருபது வருஷம் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்தவர். போன வருஷம் மோட்டார் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். எங்கள் நிலையங்களில் படகு ஓட்ட எடுத்த முதல் பெண் அவர்தான். மார்ச் முடிய மூன்று மாதம் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். அவருடைய பாசிக் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களையும் எடுப்பதாக எங்கள் திட்டத் தலைவர் டாக்டர் வத்சலா சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் தாங்குவாரா என்று டீக்கடை ஆண்கள் இப்போதே பந்தயம் கட்டுகிறார்கள் என்று அக்காவே சொன்னார், சிரித்துக்கொண்டு.

டாக்டர் சென்னையிலிருந்து கூப்பிட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். படகுக்கு நங்கூரமும், துறையில் உரசாமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர்களும் தேர்ந்தெடுத்துக் குறிப்பு எழுத வேண்டும். நீதான் நிறையப் படிக்கிறவள் என்றார். சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே எழுதிவைக்கக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்குத் தஞ்சாவூர் போகவில்லை. நிலையத்தில் தனியாக உட்கார்ந்து நங்கூரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது தரையைக் கொத்திப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடிக்க வேண்டுமென்றால் இழுப்பு மேலிருந்து வரக் கூடாது, தரையோடு தரையாகப் படுத்து வர வேண்டும். அதற்காகத்தான் நங்கூரத்தை ஒட்டிக் கொஞ்சம் சங்கிலி, அதற்கு மேல் நீளமான கயிறு. ஆழம் நாலு மீட்டர் என்றால் இருபது மீட்டர் கயிறாவது விட வேண்டும். கயிறு குட்டையானால் ஒவ்வொரு அலைக்கும் படகே நங்கூரத்தைப் பிடுங்கி எடுத்துவிடும்.

இங்கே மீனவர்களிடம் இருப்பது கம்பியை வளைத்துச் செய்த நாலு கொக்கி நங்கூரம். கூர்முனை ரப்பர் குழாயில் பட்டால் தீர்ந்தது. அது பாறையைக் கவ்வுவதற்கானது. நாங்களோ பாறையில் நங்கூரம் போடவே கூடாது. பவளத்துக்கு நடுவே மணல் திட்டு பார்த்துப் போட வேண்டும். மணலுக்குத் தட்டை நங்கூரம்: இரண்டு அகன்ற தகடுகள் மணலுக்குள் இறங்கிக்கொள்ளும், மேலே எடுத்தால் மடங்கிப் படுத்துக்கொள்ளும். எங்கள் படகுக்கு ஐந்து கிலோ போதும். சங்கிலி ரப்பரில் உரசாமலிருக்க அதன்மேல் தோட்டத்துக் குழாய்த் துண்டை மாட்டிவிடலாம். இந்த யோசனை எந்தப் பக்கத்திலும் இல்லை, என்னுடையது.

ஜனவரி 17, வெள்ளி

சவுந்தரி அக்கா இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர்களோடு வந்தார். துறையில் உரசாமலிருக்க இங்கே எல்லா வள்ளத்திலும் பக்கவாட்டில் தொங்குவது டயர்தான். நம்ம படகுக்கும் ஆகும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்.

ஆரோனும் ரஃபீக்கும் அங்கே நின்றிருந்தார்கள். நான் ஒரு டயரை வாங்கித் திருப்பி, ஓரத்தில் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் காட்டினேன். இது ரப்பர் படகு, கம்பி குத்தும், கரி ஒட்டும், இடுக்கில் மணல் சேர்ந்து தேய்க்கும் என்றேன். காற்றடைத்த ஃபெண்டர்தான் வேண்டும், அதுவும் உருண்டையாக இல்லாமல் நீள உருளையாக; உருண்டை குழாயின் வளைவில் நிற்காமல் நழுவும் என்றேன். நீளமாகவே பேசிவிட்டேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப பலூனுக்குப் பலூன் காவல்” என்றார்.

ரஃபீக் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, சிரிப்பு அடங்கியதும், மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து விளக்கினேன்.

நான் சொன்னது சரி. ஆனால் அவர் டயர்களை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தபோது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

ஜனவரி 22, புதன்

குறிப்பு மூன்று பக்கம் வந்தது. படம் வேறு வரைந்திருக்கிறேன். டாக்டர் அதை மற்ற இரண்டு நிலையங்களுக்கும் அனுப்பி, இனி எல்லாரும் இதைப் பார்த்தே வாங்க வேண்டும், ஒரு பொருளும் விட்டுப்போகாமல் எழுதியிருக்கிறாள் என்று சேர்த்திருக்கிறார். அந்த மின்னஞ்சலை நான்கு முறை படித்தேன். இப்போது ஐந்து.

பிப்ரவரி 11, செவ்வாய்

பொருள்கள் வந்தன. இருப்புப் பதிவேட்டில் என் கையால் எழுதினேன். தட்டை நங்கூரம், ஐந்து கிலோ, ஒன்று. சங்கிலி, இரண்டு மீட்டர். கயிறு, நீலத்தில் வெள்ளைக் கோடு, நாற்பது மீட்டர். உருளை ஃபெண்டர், நான்கு. கையெழுத்து.

நாளை மறுநாள் நிதி கொடுத்த அமைப்பிலிருந்து ஆட்கள் படகைப் பார்க்க வருகிறார்கள். டாக்டரும் வருகிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

வந்து போனார்கள். சவுந்தரி அக்கா அவர்களை ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டி, திரும்பி வந்து துறைச் சுவரில் பூப்போல அணைத்தார். ஃபெண்டர்கள் சிமெண்டில் அமுங்கி மெதுவாக விரிந்தன. ரப்பரில் ஒரு கீறல் இல்லை. வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். டாக்டர் என் தோளைத் தட்டினார்.

காலையில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. சரிசெய்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு வாரமாகத் தினமும் கடல். உள்பக்கத்துப் பாறைகள், மூன்று மீட்டர், மிஞ்சினால் நாலு. நங்கூரம் விழுந்த இடத்தில் அறைந்தாற்போல் நிற்கிறது. நான் தேர்ந்தெடுத்த நங்கூரம்.

சவுந்தரி அக்கா கயிறு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு கையையும் அகல விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய இரண்டு மீட்டர்; அப்படிப் பாகம் பாகமாக விடுகிறார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஜெபமா என்று கேட்டேன். எண்ணுவது என்றார். பாசிக்கு மூழ்கும்போதும் அப்படித்தானாம். மூச்சை, தூரத்தை, கூடையில் பிடியை, எல்லாவற்றையும் எண்ணுவது. எண்ணாதவள் கரைக்கு வர மாட்டாள் தங்கச்சி என்றார்.

என்னைத் தங்கச்சி என்கிறார். எனக்கு அக்கா இல்லை.

கயிறு வாங்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

கயிறு வாங்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

பாசிக் குழுவிலிருந்து வரப்போகும் இரண்டு பெண்களும் சாயங்காலங்களில் சவுந்தரி அக்காவிடம் மோட்டார் பழகுகிறார்கள். துறையில் ஒரே சிரிப்பும் அதட்டலும். இன்னும் மூன்று வாரம். ஏப்ரல் முதல் தேதி ஆணை வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைத்தெரு வழியாகத் திரும்பினேன். வலைக்கடை வாசலில் எல்லா நிறத்திலும் கயிறு சுருள் சுருளாகத் தொங்குகிறது. உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். கடைக்காரரோடு சவுந்தரி அக்கா பேசிக்கொண்டு நின்றார். என்ன வாங்க வந்தாய் என்று கேட்பார். அடுத்த கடையில் நுழைந்து ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முதல்முறையாகத் தீவின் வெளிப்பக்கம் போனோம். எட்டு மீட்டர் ஆழம். மணல் திட்டு பார்த்து அக்கா நங்கூரம் போட்டார். ஆரோனும் ரஃபீக்கும் ஒன்பதரைக்கு இறங்கினார்கள். பத்து மணி வாக்கில் தென்மேற்கிலிருந்து காற்று எழுந்தது. படகு நகர்வதை அக்காதான் முதலில் சொன்னார். நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்குத் திரும்புவது சகஜம் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. நங்கூரம் மணலை விட்டு எழுந்து, எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

அக்கா மோட்டாரை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அதற்குள் நங்கூரம் பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டது. படகு சுண்டி இழுத்தாற்போல் திரும்பிப் பாறைமேல் மோதியது. இடப்பக்கக் குழாயின் ஓர் அறை கிழிந்தது. கயிறு பாறையில் அறுபட்டுப் போனது. நங்கூரமும் சங்கிலியும் கடலில். நீருக்கடியில் ஆள் உயரக் கொம்புப் பவளம் ஒன்று அடியோடு முறிந்து கிடந்ததை மேலிருந்தே பார்க்க முடிந்தது. எண்ண வந்ததை நாங்களே உடைத்துவிட்டோம்.

ஆரோனும் ரஃபீக்கும் மேலே வந்தபோது படகு இல்லை. அலையில் இருபது நிமிஷம் மிதந்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த ஒரு வள்ளம் அவர்களைத் தூக்கி எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஆரோனின் பாதத்தில் பாறை கிழித்த ஆழமான வெட்டு, ஏழு தையல்.

வள்ளம் எங்கள் பக்கத்தில் வந்து அலையில் முட்டி முட்டி நின்றது. அதன் விளிம்பில் வரிசையாக ஆணி. ஃபெண்டர்கள் நடுவே இருந்து தாங்கின. ஒன்றுகூட நழுவவில்லை. அவற்றைக் கட்டியிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

நிகழ்வு அறிக்கை நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி: படகில் இருந்த கயிற்றின் நீளம்? இருப்புப் பதிவேட்டின்படி நாற்பது மீட்டர் என்று எழுதினேன். அடுத்தது: விடப்பட்ட நீளம்? படகில் கட்டியது போகச் சுமார் பதினெட்டு மீட்டர் என்று எழுதினேன். நங்கூரத்தைக் கையாண்டவர்? ஞானசவுந்தரி, படகோட்டி.

மூன்று பதிலிலும் ஒரு பொய் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் காணொளியில் பேசினார். நானும் ஆரோனும் ரஃபீக்கும். சவுந்தரி அக்காவைக் கூப்பிடவில்லை.

கயிறு கையில் இருந்தும் பாதிகூட விடாமல் எப்படி விட்டார் என்று டாக்டர் கேட்டார். பயிற்சி போதாது என்றான் ஆரோன், கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு. கீழே ரெண்டு உயிர் இருக்குன்னு தெரிய வேண்டாமா மேடம், என்றும் சொன்னான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. டாக்டர், ஏப்ரலிலிருந்து வேறு ஆள் பார்க்கலாம், அந்த இரண்டு பெண்களைப் பற்றியும் இப்போதைக்குப் பேச வேண்டாம் என்றார். பிறகு என்னிடம், அரசி, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

இணைப்பு சரியாக இல்லை என்பது போலத் தலையை ஆட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் இதிலேயே மறைத்து மறைத்து எழுதியிருக்கிறேன். யாருக்காக என்று தெரியவில்லை. அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வியாதி போல.

பிப்ரவரி 13 காலை ஆறரை மணிக்குக் கிடங்கைத் திறந்து ஃபெண்டர்களை எடுத்தேன். ஊதினேன். அப்போதுதான் தெரிந்தது, அவற்றைத் தொங்கவிடக் கயிறு இல்லை. மூன்று பக்கம் எழுதிய நான், படம் வரைந்த நான், ஃபெண்டருக்குக் கயிறு வேண்டும் என்று எழுதவில்லை. படகின் மூக்கில் துறையோடு கட்டும் கயிற்றையும் எழுதவில்லை. ஒன்பது மணிக்கு விருந்தினர்கள். கடை திறக்க எட்டரை ஆகும். சவுந்தரி அக்கா வீடு பத்து நிமிஷ நடை. கேட்டால் அவர் வீட்டிலிருந்து நாலு துண்டு கயிறு வந்திருக்கும். ஆனால் டயரைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, கயிறு மறந்துவிட்டது என்று அவர் வாசலில் போய் நிற்க முடியவில்லை.

நங்கூரக் கயிற்றை வெட்டினேன். ஃபெண்டருக்கு மூன்று மீட்டர் வீதம் நான்கு துண்டு. மூக்குக்கு எட்டு மீட்டர். நாற்பதில் இருபது போயிற்று. ஒவ்வொரு முனையையும் மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, பிரி பிரியாமல், கடையில் வாங்கியது போலச் செய்தேன். இன்றைக்கு மட்டும், நாளை புதிதாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பதிவேட்டைத் திருத்தவில்லை, நாளைதான் வாங்கப்போகிறேனே. உள்பக்கத்து ஆழத்துக்கு இருபது மீட்டர் போதுமாக இருந்தது. அதனால் அடுத்த நாளும் நாளை என்றே ஆயிற்று. முப்பத்து மூன்று நாள் அந்தக் கடையைத் தாண்டி நடந்தேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. 19ஆம் தேதி எழுதியதில் விட்டது.

அன்று வெளிப்பக்கத்தில் நங்கூரம் போட்டபோது அக்கா பாகம் பாகமாக விட்டார், கயிறு முடிந்து கை வெறுமையானது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்புட்டுத்தானா தங்கச்சி? இங்க பத்தாதே.”

ஆரோன் அப்போது படகின் விளிம்பில் உட்கார்ந்து முகமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏன் பத்தாது, நாற்பது மீட்டர் இருக்குமே என்று அவன் திரும்பிக் கேட்டுவிடுவான் என்று பயந்தேன்.

“போதும்” என்றேன்.

எட்டு மீட்டருக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதியவள் நான். அந்தப் படகில் அதைப் படித்திருந்தவளும் நான்தான்.

மார்ச் 28, வெள்ளி

சவுந்தரி அக்கா உயிர்காப்பு அங்கியையும் மோட்டார் சாவியையும் திருப்பிக் கொடுக்க வந்தார். அங்கியைத் துவைத்து மடித்திருந்தார். ரசீது எழுதிக் கொடுத்தேன். ஆரோனின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக ஆறுகிறது என்றேன். மோட்டாரின் ஸ்டார்ட்டர் கயிறு நைந்திருக்கிறது, அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிடச் சொன்னார்.

கூடவே ஒரு விஷயம் சொன்னார். பக்கத்து ஊரில் பாசி வளர்க்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் படகோட்ட ஆள் எடுக்கிறதாம். பெண்கள் என்றாலும் சரியாம். ஆனால் இங்கிருந்து ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிறார்களாம். பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“என்னான்னு சொல்லட்டும் மேடம்?” என்றார்.

மேடம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு ரசீதின் அடிக்கட்டையில் என் கையெழுத்தைப் பார்த்தேன். நல்ல கையெழுத்து.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் நிலையத்துக்கு வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் கை கழுவி வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். கயிறு, மெழுகுவத்தி, பதிவேடு, “போதும்” என்று நான் சொன்னது, எல்லாம். அழக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு போனேன். அழவில்லை. அதற்காக ஒரு கணம் என்னையே மெச்சிக்கொண்டதும் உண்மை.

டாக்டர் ஜன்னல் வழியே கிடங்குப் பக்கம் பார்த்தார். ஃபெண்டர்கள் அங்கே ஆணியில் தொங்கின, நீலக் கயிற்றோடு. அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று தான் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு நிதானமாகப் பேசினார். அறிக்கை நிதி கொடுத்தவர்களுக்குப் போய்விட்டது. ஆபத்தில் சிக்கியது இரண்டு உயிர் என்பதால் அதைத் திருத்தினால் விசாரணை வரும். மே மாதம் என் உதவித்தொகையை நீட்டிக்க அவர்தான் எழுத வேண்டும். இதை எழுதிவிட்டு அதை எழுத முடியாது. அந்த அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வேறு ஏதாவது வழியில் உதவலாம்.

“நீ சொன்னது நல்லது. மனசு லேசாகியிருக்கும். இதோடு விட்டுடு” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. அந்த நிம்மதியைத்தான் சகிக்க முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு சவுந்தரி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் தார்ப்பாயில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. அவர் குந்தியிருந்து கிளறிக்கொண்டிருந்தார். மோட்டார் பழகிய அந்த இரண்டு பெண்களும் கூட இருந்தார்கள். அவர்கள் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு, டயர் விஷயத்தில் நான் அவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லையே என்று எண்ணி அங்கேயே நின்று சொன்னேன்.

மூன்று பேரும் கிளறுவதை நிறுத்தினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் அக்கா.



“முத நாளே எண்ணுனேன். பதினோரு பாகம். ஃபெண்டர்ல தொங்குறதும் அதே கயிறு. நாப்பதுன்னு நோட்டுல எழுதிருக்கீகன்னு எனக்கு என்ன தெரியும்? படிச்ச புள்ள, கணக்குப் பாத்துத்தான் வச்சிருக்கும்னு நெனச்சேன்.” பாசியை ஒரு பிடி எடுத்து உதறிப் போட்டார். “அன்னைக்கும் அதான். போதும்னீக. நான் இருவது வருசம் எண்ணுனத விட்டுட்டு ஒங்க வார்த்தைய எடுத்துக்கிட்டேன். அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. ஒங்க மேல இல்ல.”

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடிதம் வேண்டும். நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, கைபேசி எண்ணும் போட வேண்டும். அவர்கள் கூப்பிட்டால் நான்தான் பேச வேண்டும். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அதில் வேண்டாம், அது அவர்களுக்கு எதற்கு என்றார்.

மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, அடியில் ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்து எழுதினேன். நங்கூரக் கயிறு பாதியாகக் குறைந்திருந்ததற்கு நானே காரணம், ஃபெண்டருக்குக் கயிறு வாங்க மறந்திருந்தேன், கவனக்குறைவால் இதை வெட்டி அதற்கு எடுத்துவிட்டேன், படகோட்டி ஞானசவுந்தரி கயிறு போதாது என்று எச்சரித்தும் நான் கேட்கவில்லை. கீழே வ. மங்கையர்க்கரசி, கள உதவியாளர், எண்.

அக்கா வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

“கவனக்குறைவா?” என்றார். “அளந்து, வெட்டி, முனைய ஒண்ணு விடாம உருக்கி வச்சிருந்தீக. நான் பாத்தேனே. அம்புட்டுக் கவனமா எங்க ஆளுகளே வெட்ட மாட்டாக.”

பேனாவைக் கேட்டு வாங்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தச் சொல்லை அடித்தேன். மேலே வேறொன்று எழுத வேண்டியிருந்தது. எத்தனையோ சொற்கள் தெரியும் எனக்கு. எழுதி முடிக்க நேரமாயிற்று.

மறுபடி படித்தார். சரி மேடம் என்று சொல்லி மடித்து, உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். மரியாதையாகப் பேசினார். தப்பாக நினைக்க வேண்டாம், இப்படிப்பட்ட கடிதத்தை இதுவரை பார்த்ததில்லை, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதா என்று கேட்டார்.

இல்லை, நானே எழுதியது, ஒரு சொல்லைத் தவிர என்றேன்.

எந்தச் சொல் என்று கேட்டார்.

“மறைப்பதற்காக” என்றேன்.

எதிர்ப்பக்கம் தாள் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, சரிம்மா, வியாழக்கிழமை அவங்களைப் படகெடுத்துப் பார்க்கச் சொல்றோம் என்றார்.